பதினோரு வருஷம் கழித்து மறுபடி கணக்கு எழுதப் போகிறவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 38, வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. பி.காம். முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் ஐந்து வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தீர்கள். 2014-ல் பெரியவன் வயிற்றில் இருக்கும்போது நின்றுவிட்டீர்கள். இப்போது அவன் ஆறாவது, சின்னவள் இரண்டாவது. வேலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் "இன்னாத்துக்கு இப்போ?" என்கிறார்கள். இரண்டு இடத்தில் இன்டர்வியூ போனீர்கள், "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

நான் 13 வருஷமாக இந்தப் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருஷம் நானும் வீட்டில்தான் இருந்தேன். அதனால் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்த அனுபவம் உண்டு. அந்தக் கேள்வியை நானே எத்தனையோ பெண்களிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் கேட்டபோது எவ்வளவு எரிந்தது என்று தெரிந்தும் கேட்டிருக்கிறேன்.

கேட்கிறவர் மனதில் ஓடுவது இதுதான்: பழைய வேலை மறந்திருக்குமா, பிள்ளைக்கு ஜுரம் என்றால் அன்றைக்கு லீவா, நாலு மாதத்தில் நின்றுவிடுவாரா. நேராகக் கேட்கத் தெரியாமல் "என்ன பண்ணீங்க" என்று சுற்றி வளைக்கிறார். அதற்கு நம்மில் பாதிப் பேர் சொல்கிற பதில், "வீட்டுல சும்மாதான் சார் இருந்தேன்." இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, மாமியாரை மூட்டுவலிக்கு வாராவாரம் ஆஸ்பத்திரி கூட்டிப் போனவள் சொல்லும் வார்த்தை அது! அந்தச் 'சும்மா'வை முதலில் விடுங்கள். இன்னொரு பக்கம், பயோடேட்டாவில் 'இல்லத்தரசி, குடும்ப நிர்வாகத்தில் 11 ஆண்டு அனுபவம்' என்று எழுதி வருகிறவர்களும் உண்டு. நியாயமாகப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் மேனேஜர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஏன் இடம் கொடுப்பானேன்?

மூன்றே வரி போதும். "2014-லிருந்து குழந்தைகளுக்காக வீட்டில் இருந்தேன். இப்போது இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாலையில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. கடந்த மூன்று மாதமாக ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடப் பழகியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள்." கடைசி வாக்கியத்தில் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். அதற்கு மேல் உங்கள் குடும்பக் கதை அவருக்குத் தேவையில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் அந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல்தான் சாமி திரும்பி வந்தார். அதுவரை லிங்கம் இருந்தது உங்கள் சத்துவாச்சாரியில். ஜலகண்டேஸ்வரர் பல நூறு வருஷம் கழித்துத் தம் இடத்துக்குத் திரும்பியபோது, இத்தனை வருஷம் அங்கே என்ன பண்ணீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. உங்களுக்குப் பதினோரு வருஷம்தான்.

சரி, இன்டர்வியூவில் சொல்லப்போகும் அந்தக் கடைசி வாக்கியம் பொய்யாக இருக்கக் கூடாதே. உங்களுக்கு உண்மையில் இருக்கும் சிக்கல் இங்கேதான். நீங்கள் நின்றபோது இருந்த வரிமுறையே இப்போது இல்லை. நீங்கள் படித்தது வாட், சி.எஸ்.டி., சி ஃபார்ம் என்ற பழைய விற்பனை வரிக் காலத்துக் கணக்கு. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-ல் சரக்கை அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் ஈ-வே பில், 2020-ல் பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் ஈ-இன்வாய்ஸ். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியும் மாறிவிட்டது: நீங்கள் பார்த்த ஈ.ஆர்.பி. 9 போய் 2020 முதல் டேலி பிரைம். பயப்பட வேண்டாம். பற்று வரவு மாறவில்லை, ஜர்னல் மாறவில்லை, பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிடும் ரீகன்சிலியேஷன் மாறவில்லை. மாறியது வரியும் அதற்கான தேதிகளும்தான்.

ஒரு மாதம் எப்படி ஓடும் என்று சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மாதாமாதம் தாக்கல் செய்கிற கம்பெனி என்றால், போன மாத விற்பனை பில்களை 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற ரிட்டர்னில் ஏற்ற வேண்டும். நமக்குச் சரக்கு விற்றவர்களும் அதே தேதிக்குள் அவரவர் பில்லை ஏற்றுவார்கள். அவை எல்லாம் சேர்ந்து 14-ம் தேதி நம் கணக்கில் 2பி என்ற பட்டியலாக வந்து நிற்கும். அந்தப் பட்டியலில் வராத பில்லுக்கு, கையில் பில் இருந்தாலும், வாங்கும்போது கொடுத்த வரியைக் கழிக்கும் வரிக் கழிவு எடுக்க முடியாது. அப்புறம் 20-ம் தேதிக்குள் 3பி என்ற ரிட்டர்னைப் போட்டு வரியைக் கட்ட வேண்டும். ஆக 14-க்கும் 20-க்கும் நடுவே ஒரு அக்கவுண்டன்ட் செய்வது என்ன? நம் கொள்முதல் ரிஜிஸ்டரையும் 2பி-யையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, விட்டுப்போன பில்லுக்குச் சொந்தக்காரரைப் போனில் பிடித்து, "அண்ணே, உங்க பில்லு இன்னும் ஏறலயே" என்று கெஞ்சுவது. பில் நம்பரில் ஒரு பூஜ்யம் கூடுதலாக இருக்கும், அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போகும். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வரும் நூறு மெசேஜில் பரீட்சை டைம்டேபிளைத் தேடி எடுக்கிற பொறுமை உங்களிடம் இருக்கிறது அல்லவா, அதே பொறுமைதான்.

எல்லாவற்றையும் படிக்காதீர்கள். இந்த ஊரின் சரக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஷூ, செருப்பு என்றால் எச்.எஸ்.என். என்ற சரக்குக் குறியீட்டு எண் 64-ல் தொடங்கும், தோல் 41, தோல் பை, பர்ஸ் 42. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை உள்ள காலணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் தாக்கல் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரியைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஈ-வே பில், வெளி மாநிலம் என்றால் 50,000-க்கு மேல். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போன கம்பெனிக்கு ஈ-இன்வாய்ஸ். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மூன்று ஊரிலும் எந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜரும் உங்களிடம் முதலில் கேட்கப் போவது இவைதான்.

படிக்கப் பெரிய செலவு வேண்டாம். ஜி.எஸ்.டி. அரசுத் தளத்திலேயே கையேடுகள் இருக்கின்றன, டேலி பிரைமுக்குப் பயிற்சி முறையில் இலவசமாகத் திறந்து பழக வழி இருக்கிறது. 25,000 ரூபாய் சான்றிதழ் படிப்புக்கு உடனே பணம் கட்டாதீர்கள். நான் ஆள் எடுக்கும்போது அந்தச் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஒரு பில்லைக் கையில் கொடுத்து என்ட்ரி போடச் சொல்லிப் பார்ப்பேன். அக்கம்பக்கத்தில் கடை வைத்திருக்கும் உறவினர் யாராவது இருப்பார்கள். அவருடைய மூன்று மாதப் பில்களை வாங்கி வந்து, கம்பெனி ஒன்றை உருவாக்கி, முதல் பில்லிலிருந்து கடைசி வரை என்ட்ரி போட்டு, ரிட்டர்ன் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். இன்டர்வியூவில் சொல்ல அதுவே ஒரு வேலை அனுபவம்.

அடுத்து காகிதங்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், வேலை கிடைத்த பிறகு இதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டு, ஆதார் எடுக்கும்போது வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்திருப்பீர்கள். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். பிறந்த மாவட்டம் ஓரிடத்தில் வட ஆற்காடு, ஓரிடத்தில் வேலூர். ஒரே ஆள், நாலு பெயர். முன்பெல்லாம் கம்பெனி கிளார்க் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். இப்போது பி.எஃப். கணக்கு ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் நகராது. என் அறிவுரை: எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுங்கள். கணவர் பெயர் முகவரியில் இருந்தால் போதும். ஆதாரில் பெயர் திருத்த ஆயுளுக்கு இரண்டு முறைதான் அனுமதி, அதனால் ஈ-சேவை மையத்தில் திரையில் எழுத்தைச் சரிபார்க்காமல் கைரேகை வைக்காதீர்கள். பான் கார்டை ஆதாரோடு இணைத்தீர்களா என்றும் பாருங்கள். சம்பளம் இல்லாத நமக்கு எதற்கு என்று விட்டவர்கள் நிறைய. 2023 ஜூன் 30-க்குப் பிறகு இணைக்காத பான் செயலிழந்து கிடக்கும், உயிர் கொடுக்க 1,000 ரூபாய் ஆகும்.

பழைய பி.எஃப். பணத்தை எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் நல்லது. நீங்கள் நின்ற 2014 தொடக்கத்தில் கம்பெனி மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் இன்னும் வரவில்லை, அதனால் பழைய சம்பளச் சீட்டில் இருக்கும் பி.எஃப். எண்ணைத் தேடி எடுங்கள். வேலூரிலேயே பி.எஃப். அலுவலகம் இருக்கிறது. வட்டியோடு பணம் அங்கே உட்கார்ந்திருக்கும். அதைவிட முக்கியம், பி.எஃப். ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் இருந்தால் உங்கள் பழைய ஐந்து வருஷமும் அந்தப் பத்தில் சேரும். இப்போது போகும் வேலையில் இன்னும் ஐந்து வருஷம் இருந்தாலே போதும் என்று அர்த்தம். புதிய கம்பெனியில் சேரும்போது "இதற்கு முன் பி.எஃப். இருந்ததா" என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்து, இரண்டு கணக்கையும் ஒன்று சேர்க்க ஒன்றரை வருஷம் அலைந்தேன்.

இனி வீடு. என்னைக் கேட்டால், பயோடேட்டாவை விட முதலில் தீர்க்க வேண்டியது சாயங்காலம் நாலு மணி. பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும்போது கதவைத் திறப்பது யார்? "பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் வேலை தேடும் முன்பே இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு வீட்டை விட்டுக் கிளம்பி, மாவட்ட மைய நூலகத்துக்கோ தோழி வீட்டுக்கோ போய் அந்த ஜி.எஸ்.டி. படிப்பைப் படித்துவிட்டு ஆறரைக்குத் திரும்புங்கள். போனை எடுக்காதீர்கள், நெருப்பு பிடித்தால் ஒழிய.

நான் இப்படிச் செய்தபோது முதல் நாள் கேஸ் சிலிண்டர்காரர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டாம் நாள் கார்ப்பரேஷன் தண்ணீர் பதினோரு மணிக்கு வந்து பிடிக்க ஆளில்லாமல் போயிற்று. மூன்றாம் நாள் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் மூக்கில் ரத்தம், போன் எனக்குத்தான் வந்தது. நான் எடுக்கவில்லை. அடுத்து அவள் அப்பாவுக்குப் போனது, அவர் ஆபீசில் பர்மிஷன் போட்டு ஓடினார். சாயங்காலம் முகம் கடுகடுவென்றிருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் பள்ளிக்கூட டயரியில் இரண்டாவது நம்பராக இருந்த அவர் பெயரை முதல் நம்பராக மாற்றி எழுதிக் கொடுத்தோம். இரண்டாம் வாரம் சிலிண்டருக்குப் பக்கத்து வீட்டு அக்கா, தண்ணீருக்குத் தொட்டியில் மிதவை வால்வு, மாலைக்கு மாடி டியூஷன் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொண்டது. வேலையில் சேர்ந்த பிறகு இந்தக் குழப்பம் வந்திருந்தால் நான் ஒரே வாரத்தில் நின்றிருப்பேன். ஒன்று கவனியுங்கள், வீட்டுக்காரரிடம் 'ஹெல்ப் பண்ணுங்க' என்று கேட்காதீர்கள். ஹெல்ப் என்றால் முடியாத நாளில் முடியாது என்று சொல்லலாம். புதன், வெள்ளி பிள்ளைகளை அழைத்து வருவது உங்கள் வேலை என்று பிரித்துக் கொடுங்கள். அத்தையிடம் மட்டும் கொஞ்சம் நயமாகப் பேசுங்கள், பாவம் அவர்களுக்கும் வயசாகிறது.

எங்கே தேடுவது? ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு நேராகத் திரும்புவதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷத்துக்கு வேலூர் டவுனுக்குள் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்று பாருங்கள். சம்பளம் குறைவு, நான் பார்த்த அளவில் 12,000-லிருந்து 15,000. ஆனால் பத்துப் பதினைந்து கடைகளின் கணக்கு ஒரே வருஷத்தில் கையில் புரளும், பதினோரு வருஷ இடைவெளி மூடிவிடும். சத்துவாச்சாரியிலிருந்து வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் போனால் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது 12,000 சம்பளத்தில் சின்ன விஷயமில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் காலியிடங்களைத் தங்கள் தளங்களிலேயே போடுகின்றன, வாரம் ஒருமுறை பாருங்கள். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜ், லேப், மருந்துக் கடைகளுக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும், இந்தியோ உருதுவோ கொஞ்சம் பேசத் தெரிந்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு ஒருமுறை போய் வாருங்கள், வேலைக்காக இல்லாவிட்டாலும் இன்டர்வியூ பயம் தெளியும்.

உங்கள் தங்கை பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் பாஸ் செய்து வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 2013 சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தால் அது தவறு. ஏழு வருஷம் என்றிருந்ததை 2021-ல் ஆயுள் முழுக்க என்று மாற்றி, 2011 முதல் எழுதியவர்களுக்கும் பொருந்தும் என்று அறிவித்துவிட்டார்கள். அரசுப் பள்ளி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். குரூப் 4 பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பத்தாம் வகுப்பு போதும், தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எழுதுங்கள், ஆனால் அதை நம்பி மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள். அந்தக் காத்திருப்பில் நாலு வருஷம் போனவர்களை எனக்குத் தெரியும்.

'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 30,000' என்று வரும் மெசேஜை அழித்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் என்று 2,500 கேட்டால் அதோடு முடிந்தது கதை. வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்படாமல், இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

சம்பளப் பேச்சில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2011-ல் முதல் முயற்சியில், "எவ்வளவு கொடுத்தாலும் பரவாயில்லை, எந்த வேலையானாலும் பரவாயில்லை" என்றேன். ஒரு கம்பெனியில் ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். போன் எடுப்பது, டீ சொல்வது, முதலாளி மகனுக்கு ரயில் டிக்கெட் போடுவது. ஐந்தே வாரம், நின்றுவிட்டேன். அடுத்த இன்டர்வியூவில் ஆறு வருஷ இடைவெளியை விட அந்த ஐந்து வாரத்தைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டார்கள். பணத்தில் கொஞ்சம் இறங்கி வாருங்கள், கணக்கு வேலையை விட்டு இறங்காதீர்கள். சேரும்போதே, "ஆறு மாதம் கழித்து சம்பளத்தைப் பார்க்கலாமா" என்று கேட்டு, ஆர்டரில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள், 21,000 வரை சம்பளத்துக்குப் பொருந்தும். 14,000 சம்பளம் என்றால் உங்கள் கையிலிருந்து போவது 105 ரூபாய், குடும்பத்துக்கே வைத்தியம். ஆடிட்டர் ஆபீஸ் சின்னதாக இருந்தால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் இருக்காது. அப்படியானால் அதை ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அப்புறம் சிப்காட் பக்கம் திரும்புங்கள், அந்த ஓய்வூதியக் கணக்கு மறுபடி ஓட ஆரம்பிக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இருந்தாலும் அது இருக்கும் கம்பெனி, பெண்களை எப்படி நடத்தும் என்பதற்கு ஓர் அடையாளம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஆடிட்டர் ஆபீசுக்கு நேரில் போய் வேலை கேட்கப் போகிறீர்கள் என்றால் 20-ம் தேதிக்கு முன் போகாதீர்கள். 3பி நெருக்கடியில் யாரும் தலை நிமிர மாட்டார்கள், பயோடேட்டாவை ஏதாவது ஃபைலுக்குள் செருகிவிடுவார்கள். 22, 23-ம் தேதி மத்தியானம் மூன்றரை மணிக்குப் போங்கள். டீ வந்திருக்கும், போன மாதம் விட்டுப்போன பில்களைப் பற்றி அவரே புலம்ப ஆரம்பிப்பார். அந்தப் புலம்பலைக் கேட்டுவிட்டு, "2பி-யில் வராத பில் எத்தனை சார்?" என்று கேளுங்கள்.